சத்தமில்லாத கம்ப்யூட்டரும் பாளையங்கோட்டை வெயிலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிரவைத்துச் சத்தத்தைக் குறைத்த கதை இது, 2023 தை மாதம் தொடங்கி 2024 மே வரை நடந்தது. பாளையங்கோட்டையில் சமாதானபுரம் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர், வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். கோயில் கொடைகளில் நடக்கும் வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் நாலு கேமரா வைத்து விடிய விடியப் பதிவு செய்து, வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, நடுநடுவே கதைச் சுருக்கத்தைத் தன் குரலிலேயே பேசிச் சேர்த்து, கொடை நடத்துகிற குடும்பங்களுக்கு ஒரு வாரத்துக்குள் கொடுப்பது அவர் தொழில். கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பது என் தொழில். அப்படித்தான் பழக்கம்.

அவர் வேலை செய்யும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, நேர் மேலே மொட்டை மாடி. தெருவில் ஆட்டோவும் பக்கத்து வீட்டு மிக்சியும் அடங்கின பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் குரல் பதிவு. பதிவு செய்யும்போது ஏசி, மின்விசிறி எல்லாம் நின்றுவிடும். மிச்சம் இருக்கிற ஒரே சத்தம் கம்ப்யூட்டர். "நான் பேசி முடிச்சு மூச்சு விடுத எடத்துல எல்லாம் உஸ்ஸுன்னு கேக்கு தம்பி, குடம் அடிச்சு ஓயுத எடத்துல பாட்டு போயிருது, இரைச்சல்தான் நிக்கு" என்றார். வில்லுப்பாட்டில் தட்டுகிற குடத்தின் நாதம் ஓய்ந்து அடங்கும் அந்த அரை நொடியை அவர் உயிராக மதிக்கிறவர். நானும் ஹெட்போனில் கேட்டேன், சொன்னது சரிதான். மென்பொருளை வைத்து இரைச்சலை நீக்கினால் குடத்தின் வாலும் சேர்ந்து போய்விடுகிறது.

பதிவு நேரத்தில் வீடியோ ஏற்றுமதியை, அதாவது வெட்டி ஒட்டியதைக் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவாக ஆக்கும் வேலையை, நிறுத்திவைக்கலாமே என்றுதான் முதலில் கேட்டேன். கொடை சீசனில் ஒரு வாரத்தில் மூன்று வேலை வரும், ஒன்று ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குப் பேசியாக வேண்டும். கேபினட்டை அடுத்த அறையில் வைத்துச் சுவர் வழியாக வயர் இழுக்கலாம் என்றால், வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாது, போதாததற்கு அந்த அறையில் அவருடைய அம்மா தூங்குகிறார்.

முதலில் அளந்தது

போனில் இருக்கும் சத்த அளவி ஆப்களை இந்த மாதிரி வேலைக்கு நம்பக்கூடாது, அமைதியான அறையில் அவை காட்டுவது பெரும்பாலும் போன் மைக்கின் சொந்த இரைச்சல். அண்ணாச்சியிடமே நல்ல மைக் இருந்தது. அதை அவர் உட்காரும் இடத்தில் வைத்து, மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழை ஒரு இடத்தில் நிறுத்தி அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்தோம். பிறகு நடந்த எல்லா ஒப்பீடும் அதே மைக், அதே இடம், அதே கெயின். கம்ப்யூட்டர் முழு வேலையில் இருக்கும்போது சராசரி மட்டம் மைனஸ் 51 டெசிபெல், எல்லாவற்றையும் அணைத்தால் மைனஸ் 69. (பதிவில் பூஜ்யம்தான் உச்சம், மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக அமைதி.) அதாவது அந்தப் பெட்டி அறையின் அமைதியில் 18 டெசிபெலைத் தின்றுகொண்டிருந்தது.

உள்ளே இருந்தது ரைசன் 9 5900எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டு. முதலாவது முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும், இரண்டாவது 220 வாட். பிராசசர் மேல் ஒரு சின்னக் காற்று கூலர், கார்டில் அதனுடைய மூன்று குட்டி ஃபேன். மொத்தம் 360 வாட்டை ஒட்டிய சூட்டைச் சின்னச் சின்ன ஃபேன்கள் கத்திக் கத்தி வெளியேற்றிக்கொண்டிருந்தன. எது அதிகம் கத்துகிறது என்று ஒவ்வொன்றாக விரலால் நிறுத்திப் பார்த்தோம். (ஃபேன் நடுவில் மெதுவாகத் தொட்டு, ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம்.) கார்டின் ஃபேன்கள்தான் முதல் குற்றவாளி.

காற்றா, தண்ணீரா

பிராசசர் மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் தண்ணீர்ப் பக்கமே போயிருக்க மாட்டேன். பெரிய கோபுரக் காற்று கூலர் ஒன்று போட்டால் போதும், விலையும் குறைவு, ஒழுகவும் ஒழுகாது. இங்கே கார்டுதான் சத்தம். கார்டின் மேல் பெரிய ஃபேன் வைக்க இடம் கிடையாது, அதனால்தான் சூட்டைத் தண்ணீரில் ஏற்றி, இடம் இருக்கிற பக்கம் கொண்டுபோய் இறக்கும் யோசனை. பிராசசர் மேலும் கார்டு மேலும் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றுவது பிளாக், அந்தத் தண்ணீரை ஃபேன் காற்றில் ஆறவைப்பது ரேடியேட்டர், தண்ணீர் நிற்கும் தொட்டி ரிசர்வாயர், சுற்றிவிடுவது பம்ப், இவற்றைக் குழாயால் இணைத்தால் அதுதான் நீர்ச் சுற்று.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். ஒரே மாதிரி ஆறு ஃபேன் சேர்ந்து ஓடினால் ஒன்று ஓடுவதைவிட 8 டெசிபெல்தான் கூடும். ஆக, ஆறு ஃபேன் பாதி வேகத்தில் ஓடுவது, ஒரு ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதைவிட 7 டெசிபெல் அமைதி, ஆனால் தள்ளும் காற்று மூன்று மடங்கு. இதற்கு வேண்டியது பரப்பு. இரண்டு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர், அவற்றில் ஆறு 120 மில்லிமீட்டர் ஃபேன் என்று முடிவு செய்தோம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு இதழ்கள் நெருக்கமாக இருக்கும் ரேடியேட்டர் வேகமான ஃபேனுக்குத்தான் நல்லது, மெதுவாக ஓடுகிற ஃபேன் அதன் வழியே காற்றைத் தள்ள முடியாமல் திணறும், அதனால் இதழ் அகலமாக இருக்கிறதைத் தேடி எடுத்தேன்.

அதற்கும் முன்னால் செய்தது, சூட்டையே குறைத்தது. பிராசசரை பயோஸில் (போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) 65 வாட் ஈகோ முறைக்கு மாற்றினால், பெயரில்தான் 65, அது 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. கார்டின் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி 160 வாட் பக்கம் நிறுத்தினேன். மூன்று மணி நேரம் ஓடும் ஏற்றுமதி பத்துப் பதினைந்து நிமிடம் நீண்டது, அவ்வளவுதான். 360 வாட் 250 ஆகிவிட்டது, பைசா செலவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் இதை மட்டும் இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம்.

அண்ணாச்சியின் அம்மா, ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன், காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கரண்டுக்குள்ள தண்ணிய விடப் போறியளா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பது உண்மைதான், ஆனால் செம்பிலும் தூசியிலும் பட்ட கொஞ்ச நாளிலேயே அந்தக் குணம் போய்விடும், ஒழுகினால் ஆபத்துதான் என்று உள்ளதைச் சொன்னேன். அதனால்தான் கரண்ட் கொடுக்காமல் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்ப்போம் என்றும் சொன்னேன்.

சாமான் வந்த கதை

நம் பக்கத்துக் கடைகளில் இந்தச் சாமான் கிடையாது, எல்லாம் கூரியரில் வரவேண்டும். நீர்ச் சுற்றுக்கு மட்டும் 60,000 ரூபாயை ஒட்டிச் செலவானது. மூன்றில் ஒரு பங்கு விலையில் ஒரு ரேடியேட்டர் கண்ணில் பட்டது, அண்ணாச்சிக்கு ஆசை, ஆனால் அது அலுமினியம். பிராசசர் மேல் உட்காரும் பிளாக் செம்பு. ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அலுமினியம் அரித்துக் கரையும், அந்தக் கசடு பிளாக்கில் போய் அடையும். செம்பும் பித்தளையும் சேர்ந்த ரேடியேட்டர்தான் எடுத்தோம்.

கார்டுக்கான பிளாக்கில்தான் நான் தவறினேன். பெட்டியில் 3070 என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்து வைத்துப் பார்த்தால், ஒரு ஓரத்தில் இரண்டு கெப்பாசிட்டர் இடிக்கிறது, பிளாக் உட்காரவில்லை. ஒரே பெயரில் வரும் கார்டுகளுக்குள்ளேயே போர்டு வேறு வேறு. கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் போர்டு எண்ணைப் பார்த்து, பிளாக் தயாரிப்பவர் தரும் பட்டியலோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க மூன்று வாரம் போனது, மாசிக் கொடை வேலைகள் பழைய இரைச்சலோடேயே முடிந்தன.

தண்ணீர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே தவிர இல்லாமல் போகாது. பேட்டரி தண்ணீரில் தரம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கா பஞ்சம், ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அதில் துருவும் பாசியும் வராமல் தடுக்கும் மருந்தை அளவாகக் கலந்தோம்.

ஆனால் ஒரு இடத்தில் அவசரப்பட்டேன், அதன் விலை பின்னால் தெரிந்தது. வந்த கறுப்பு ரப்பர் குழாய் இரண்டடி குறைந்தது. மறுபடி கூரியருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், டவுனில் ஹார்டுவேர் கடையில் அதே அளவில் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குழாய் வாங்கி அந்த இரண்டடிக்கு மட்டும் போட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பூட்டிய இரண்டு நாள்

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த கசடு இருக்கும். வெந்நீராக்கிய டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, இரண்டு ஓட்டையையும் அடைத்துப் பத்து நிமிடம் குலுக்கிக் கொட்டினோம். முதல் தடவை வெள்ளைப் பாத்திரத்தில் கறுப்புப் பொடியும் பளபளவென்று உலோகத் துணுக்கும் வந்தன. நாலாவது தடவைதான் தெளிந்தது.

பூட்டி முடித்து, தண்ணீர் நிரப்பி, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி அதில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்தோம். போர்டு, கார்டு எதற்கும் கரண்ட் இல்லை. பம்ப் வறண்டு ஓடக்கூடாது, அதன் தாங்கிக்குத் தண்ணீர்தான் எண்ணெய், அதனால் ரிசர்வாயர் காலியாகும் முன் அணைத்து, நிரப்பி, மறுபடி போட்டு, இப்படி ஏழெட்டு முறை. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழேயும் வெள்ளை டிஷ்யூ பேப்பர்.

மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து டார்ச் அடித்தால், கார்டின் பிளாக்குக்குக் கீழே இருந்த பேப்பரில் பத்துக் காசு அளவுக்கு ஈரம். கையை வைத்துத் தடவிப் பார்த்தால் குழாய் காய்ந்திருக்கிறது, குழாயைப் பிளாக்கோடு இணைக்கும் ஃபிட்டிங்கின் அடியில்தான் ஒரு துளி, ஊசி முனை அளவு, திரண்டு திரண்டு நிற்கிறது. கழற்றினோம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து நசுங்கியிருந்தது, நான் வேகமாகத் திருகியதில் அப்படி ஆகியிருக்கிறது. வேறு வளையம் போட்டு, விரலால் திருகி, கடைசிக் கால் திருப்பு மட்டும் இறுக்கி, அதிலிருந்து புதிதாக 24 மணி நேரம் எண்ணினோம். மறுநாள் ராத்திரி ஆச்சி எல்லாப் பேப்பரையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்கு, போடுங்க" என்றார். அப்புறம்தான் போட்டோம்.

பங்குனியில் கிடைத்த அமைதி

முதல் நாள் ஃபேன்கள் கேட்கவில்லை, ஆனால் அடியில் ஒரு 'ம்ம்ம்' என்ற முனகல். காதில் கேட்பதைவிட மேசையில் முழங்கை வைத்தால் உணரலாம். பம்ப் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 4,800 சுற்று, அதாவது நொடிக்கு 80. கேபினட் இரும்பு மேசை மேல், மைக் ஸ்டாண்டும் அதே மேசை மேல். பம்பின் அதிர்வு மேசை வழியாக நேராக மைக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.

பம்பை வேகமாக ஓட்டினால் நன்றாகக் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். 250 வாட் சூட்டை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓட்டம் சுமந்தால், சுற்றுக்குள் சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் 3.6 டிகிரி. இரண்டு லிட்டர் என்றால் 1.8. நாலு லிட்டர் என்றால் 0.9. அதற்கு மேல் போய் என்ன மிச்சம்? பம்பை 2,000 சுற்றுக்கு இறக்கினேன், பிராசசர் சூடு 2 டிகிரி ஏறியது, முனகல் காணாமல் போனது. கேபினட்டைத் தரைக்கு இறக்கி, நாலு காலுக்கும் கீழே பழைய ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு வைத்தோம். மேசையில் முழங்கை வைத்தால் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு யுபிஎஸ் கேட்க ஆரம்பித்தது! அதன் டிரான்ஸ்பார்மர் முனகலும் முன்பே இருந்ததுதான், மறைந்து கிடந்தது. அதை நடைக்குக் கொண்டுபோய் நீள வயர் போட்டோம்.

அளவீடு மைனஸ் 66. அறையே மைனஸ் 69. அண்ணாச்சி ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒரு குட அடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அக்னி நட்சத்திரம்

மே முதல் வாரம் போன் வந்தது. "தம்பி, பொட்டி சும்மா கெடக்கையிலயே கெடந்து உறுமுது. பழசே தேவல போலுக்கு."

போய்ப் பார்த்தேன். ராத்திரி பத்தரை. பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடி ராத்திரியில் அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறது, அறைக்குள் 36 டிகிரி. கம்ப்யூட்டர் வேலையே செய்யவில்லை, ஃபேன்கள் 1,300 சுற்றில் ஓடுகின்றன. அளந்தால் மைனஸ் 53, பழைய பெட்டிக்கும் இதற்கும் 2 டெசிபெல்தான் வித்தியாசம்.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை, ஆனால் அது என்னுடைய தவறு என்பது உறைத்தது. நீர்ச் சுற்றில் ஃபேன் வேகத்தைப் பிராசசர் சூட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது, அது நொடிக்கு நொடி குதிக்கும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கி இம்சை கொடுக்கும். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். ஒரு லிட்டர் தண்ணீரை 250 வாட்டால் சூடாக்கினால், வெளியே ஒன்றும் போகாவிட்டாலும் நிமிடத்துக்கு 3.6 டிகிரிதான் ஏறும். அதனால் தண்ணீருக்குள் ஒரு சென்சார் வைத்து, அதன்படி ஃபேனை ஓட்டுவார்கள். அதைத்தான் செய்திருந்தேன். 30 டிகிரியில் 500 சுற்று, 40 டிகிரியில் 1,400 சுற்று. எல்லாரும் போடுகிற கணக்கு.

அந்தக் கணக்கு 22 டிகிரி, 25 டிகிரி அறையில் இருப்பவர்கள் போட்டது. தண்ணீர் எவ்வளவு நல்ல ரேடியேட்டர் வழியாகப் போனாலும் அறைக் காற்றைவிடக் குளிராது. அறையே 36 என்றால், சும்மா இருக்கும்போதே தண்ணீர் 39. ஃபேன் கணக்கோ 39 டிகிரியைப் பார்த்து முழு வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. ஃபேன் எவ்வளவு கத்தினாலும் குறைப்பதற்கு அங்கே 3 டிகிரிதான் இருக்கிறது. பங்குனி ராத்திரியில் 29 டிகிரி அறையில் சோதித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவன் நான், திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவன், சித்திரை வரும் என்று தெரியாதா?

மாற்றிய கணக்கு

தண்ணீரின் சூட்டிலிருந்து அறைக் காற்றின் சூட்டைக் கழித்தால் வருவதுதான் கம்ப்யூட்டர் உண்மையில் எவ்வளவு உழைக்கிறது என்று சொல்லும். மார்கழியோ சித்திரையோ, சும்மா இருந்தால் அது 3, முழு வேலையில் 10 பக்கம். ஃபேனை இந்த வித்தியாசத்தை வைத்து ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இன்னொரு சென்சார் வாங்கினேன், சில நூறு ரூபாய். போர்டின் பயோஸால் ஒரு சென்சாரைத்தான் பார்க்க முடியும், கழிக்கத் தெரியாது, அதனால் கழித்தல் போடத் தெரிந்த ஒரு இலவச மென்பொருளை விண்டோஸில் வைத்தோம். வித்தியாசம் 6 வரை 500 சுற்று, 10க்கு 700, 14க்கு 1,000.

முதல் நாள் இதுவும் சரிவரவில்லை. ஒரு மணி நேரம் ஏற்றுமதி ஓடியும் வித்தியாசம் 5ஐத் தாண்டவில்லை, தண்ணீரோ 48க்கு ஏறிவிட்டது. காற்றுச் சென்சாரைக் கேபினட்டுக்கு உள்ளே, முன்பக்க ரேடியேட்டரின் அருகில் கட்டியிருந்தேன், ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றை அது அறைக்காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து வெளியே கொண்டுவந்து, முன்வலைக்குக் கீழே, காற்று உள்ளே நுழையும் இடத்தில் ஒரு விரல்கடை தள்ளி நூலால் கட்டினோம். அப்போதுதான் எண்கள் நம்பும்படி வந்தன.

பாதுகாப்புக்கு ஒரு எல்லை வைக்காமல் இதைச் செய்யக்கூடாது. பம்பும் குழாயும் 60 டிகிரித் தண்ணீர் வரைதான் தாங்கும். தண்ணீர் 50ஐத் தொட்டால் வித்தியாசம் என்னவாக இருந்தாலும் ஃபேன்கள் முழு வேகம், 55 என்றால் கம்ப்யூட்டர் தானே அணையும். மென்பொருள் படுத்துவிட்டாலும் பயோஸில் 50 டிகிரிக் கணக்கு தனியாக இருக்கும்.

மே மூன்றாவது வாரம், அறை 35.5, இரண்டு மணி நேரம் முழு வேலை: தண்ணீர் 45.5, பிராசசர் 70, கார்டு 59, ஃபேன் 700 சுற்று. பிராசசரின் எல்லை 90, இன்னும் இருபது டிகிரி கையில் இருக்கிறது. மைக் காட்டியது மைனஸ் 65. எண்களைப் பார்த்தால் சூடு அதிகமாகத் தெரியும், 45 டிகிரித் தண்ணீரா என்று பயப்படுவார்கள். சிலிக்கானுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பயம் நமக்குத்தான்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று தெருப் புழுதியை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை முன்வலையைக் கழுவினால் போதுமாக இருந்தது.

ஆவணியில் கண்ட படிவு

ஆகஸ்ட் கடைசியில் ஒரு எண் இடறியது. கார்டுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் எப்போதும் 13 டிகிரி இருக்கும். அது 17 ஆகி, 20 ஆகி, 23க்கு வந்துவிட்டது. பிராசசர் பக்கமும் 5 டிகிரி ஏற்றம். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம் மாறவில்லை, ஆக ரேடியேட்டரில் தவறில்லை, பிளாக்கில்தான் ஏதோ அடைப்பு. அந்த இரண்டடிக் கண்ணாடிக் குழாய் பால் மாதிரி வெளுத்திருந்தது, அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

இறக்கிப் பிரித்தோம். கார்டின் பிளாக்குக்குள் செம்பு இதழ்கள் தலைமுடி நுழைகிற இடைவெளியில்தான் இருக்கும். அந்த இடைவெளிகளில் நுழைவாய்க்கு நேர் கீழே வெள்ளையாக, கொழகொழவென்று, வடித்த கஞ்சி காய்ந்த மாதிரி ஒரு படலம். விரலில் எடுத்தால் வழுக்குகிறது, நாற்றமில்லை. பாசி இல்லை இது. பிளாஸ்டிக் குழாயை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர், சூடான தண்ணீரில் கசிந்து வந்து, சுற்றிலேயே ரொம்பக் குறுகலான இடத்தில் போய் அடைந்திருக்கிறது. 45 டிகிரித் தண்ணீர் அதைச் சீக்கிரமாக்கியிருக்கும். கறுப்பு ரப்பர் குழாயில் இந்தத் தொல்லை கிடையாது.

பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் வைத்து இதழ்களின் போக்கிலேயே தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசினோம். முழுச் சுற்றையும் மூன்று தடவை நிரப்பிக் கொட்டினோம். சுற்றின் அடியில் ஒரு வடிகுழாய் வைக்காமல் பூட்டியிருந்தேன், அதனால் கேபினட்டையே இரண்டு பேர் தூக்கிச் சாய்த்து வாளியில் வடிக்க வேண்டியதாகிவிட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கறுப்புக் குழாயும், அடியில் ஒரு வடிவால்வும் போட்டோம். கார்டின் வித்தியாசம் 12க்கு வந்து நின்றது.

அதற்குப் பிறகு

2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தாமிரபரணி வெள்ளத்தில் கிடந்தபோது, அண்ணாச்சி வீடு மேட்டில் இருந்ததால் தண்ணீர் வரவில்லை, ஆனால் வருமோ என்று பயந்து இருபது கிலோ பெட்டியை அவரும் ஆச்சியுமாகத் தூக்கிக் கட்டில் மேல் வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, நான் வரும்வரை போடவில்லை. மறுபடி டிஷ்யூ பேப்பர், பம்ப் மட்டும் நாலு மணி நேரம். ரிசர்வாயரில் ஒரு விரல் உயரம் குறைந்திருந்தது. ரப்பர் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவது வழக்கம்தான், நிரப்பினோம். ஒழுகல் எதுவும் இல்லை.

2024 மே மாதம் அதே டேப் ஒட்டிய மைக்கை வைத்து மறுபடி அளந்தேன். அறை 36, முழு வேலை, மைனஸ் 65. கார்டு சில நேரம் மெல்லிசாகக் கீச்சிடுகிறது, அது அதன் காயில்களின் சத்தம், தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் மைக்கில் விழுவதில்லை, அப்படியே விட்டுவிட்டோம்.

மறுபடி செய்தால்

இரண்டு சென்சாரையும் முதல் நாளே வைப்பேன். நம் பக்கத்தில் யாருக்கு நீர்ச் சுற்று பூட்டினாலும் தண்ணீர், காற்று இரண்டையும் அளந்து வித்தியாசத்தில்தான் ஃபேனை ஓட்டுவேன், சித்திரை ராத்திரியில் ஒருமுறை சோதிக்காமல் வேலை முடிந்தது என்று சொல்லமாட்டேன். மாசியில் பூட்டினால், ஹீட்டர் வைத்தாவது அறையை 36க்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம். அதன் பிறகு பூட்டிய இரண்டு பெட்டிகளுக்கு அப்படித்தான் செய்தேன்.

குழாய் குறைந்தால் காத்திருப்பேன். வடிவால்வு இல்லாமல் பூட்டமாட்டேன். கார்டின் போர்டு எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டுதான் பிளாக் ஆர்டர் போடுவேன். பிராசசரின் வாட்டையும் கார்டின் வோல்டேஜையும் குறைத்த பிறகு, பழைய காற்று கூலரோடேயே ஒரு வாரம் ஓட்டி அளந்து பார்த்திருக்க வேண்டும், அதை நாங்கள் செய்யவில்லை. ஒருவேளை அதிலேயே மைனஸ் 58, 59 வந்திருக்கும். அண்ணாச்சிக்கு அது போதாதுதான், ஆனால் 60,000 ரூபாய் போடும் முன் அவர் அதைக் காதால் கேட்டு முடிவு செய்திருக்கலாம்.

அடுத்த சர்வீஸ் ஆவணியில். கார்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் ஒருமுறை சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், போன மாதம் வரை 12 என்றே இருக்கிறது, ஆச்சியின் கையெழுத்தில்.